வாரேன் என்றவர்கள்

“அழிச்சிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எந்திரிச்சுப் போயிருதேன்—”

“யாரும் அழிக்கலம்மா, நான் சொல்றதை முதல்ல—”

“—ஒத்த வார்த்தை. அழிச்சிட்டோம்—”

“—எழுதவே படாததை எப்படிம்மா அழிக்க முடியும்?”

“எழுதவே படலன்னா? அவுக பேசவே இல்லங்கீகளா?”

“பேசியிருக்கார். கூப்பிட்டது தெரியுது. இங்க எடுத்தது தெரியுது. என்ன பேசினார்ங்கறதுதான் இல்லை.”

“எச்சி எலை கெடக்கு, பந்தியே நடக்கலங்கீக. நல்லாருக்கு மேடம். ரொம்ப நல்லாருக்கு.”

 தாட்சாயணிக்கு எதிரே இருந்த சலேத்மேரி மடியிலிருந்த துணிப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். எழுந்துபோகிறவள் வைக்கிற மாதிரி இல்லை. இன்றைக்கு முழுக்க இங்கேதான் என்று வைக்கிற மாதிரி இருந்தது.

தூத்துக்குடியில், பழைய துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடி. ஜன்னலுக்கு வெளியே பிற்பகல் வெயிலில் பாரந்தூக்கிகள் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. உள்ளே மார்கழிக் குளிர். மெஷின்கள் பக்கத்து அறையில் இருந்தன. அவற்றுக்குக் குளிர் வேண்டும் என்பதால் மனிதர்களும் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மெஷின்களுக்குள்தான் ‘செவி’ இருந்தது. தாட்சாயணி பல வருஷங்களுக்கு முன் தொடங்கிய உதவி எண். கப்பலில், பாலைவனத்தில், குளிர்தேசத்துக் கிடங்குகளில், பேச ஆளில்லாமல் கிடக்கிற நம்மூர்க்காரர்கள் எந்நேரமும் கூப்பிடலாம். ஒரு பெண்குரல் எடுக்கும், கேட்டுக்கொள்ளும், பதில் பேசும். அது மனுஷி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கடற்கரைத் தெருக்களில் அதற்குச் செவி என்ற பெயர் ஒட்டவே இல்லை. ‘அந்தப் பிள்ளை’ என்றுதான் சொன்னார்கள். “அந்தப் பிள்ளகிட்ட பேசிட்டுப் படுத்தேன், தூக்கம் வந்துருச்சு” என்பார்கள்.

சலேத்மேரியின் புருஷன் கித்தேரியானும் அப்படிச் சொல்லியிருக்கிறான். சரக்குக் கப்பலில் செராங்கு, அதாவது மேல்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவன். போன வருஷம் ஒருநாள், கரை கண்ணுக்கெட்டாத கடலில், அவன் தளத்தில் நின்று சாட்டிலைட் போனில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

“கப்பல் கம்பெனி என்ன எழுதியிருக்கான் தெரியுமா?” என்றாள் சலேத்மேரி. “மனசு சரியில்லாம உதவி எண்ணக் கூப்பிட்டு, அப்புறம் தானாக் கடல்ல குதிச்சிட்டாராம். கூப்பிட்டதுதான் அதுக்குச் சாட்சியாம். உங்களக் கூப்பிட்டதே அவுக செஞ்ச குத்தமாயிருச்சு மேடம்.”

“நான் அப்படிச் சொல்லலையேம்மா.”

“நீங்க சொல்லல. நீங்க ஒண்ணுமே சொல்லல. அதான் அவன் சொல்லுதான். எம்மவ ரீத்தா கேக்கா, ‘அப்பா நம்மள வேண்டாம்னுட்டா போனாக?’ன்னு. ஏழு வயசுப் பிள்ளைக்கு என்னத்தச் சொல்ல? விழுந்தாகளா, குதிச்சாகளா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். குதிச்சாகன்னாலும் சொல்லுங்க. தாங்கிக்கிடுதேன்.”

“சாயங்காலம் துறைமுகச் சங்கு ஊதினதும் இந்த மெஷினையெல்லாம் நிறுத்துறோம்மா. செவி வேற ஊருக்கு, வேற கைக்குப் போகுது. அதுக்குள்ள தேட முடிஞ்சதைத் தேடச் சொல்லியிருக்கேன்.”

“யார?”

“என்னைத்தான்க்கா” என்றான் உலகநாதன்.

மூலையில் திரைக்கு முன்னால் அவன் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தான். கோவில்பட்டிக்காரன். மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சால்வைக்குமேல் ஒரு சால்வை போர்த்தியிருந்ததால் ஆள் இருப்பது தெரியவில்லை.

“என்ன தம்பி தேடினீங்க?”

“எடம் நிறைஞ்சு எழுத முடியாமப் போச்சான்னு பார்த்தேன். எடம் இருக்கு. பழசு மேல புதுசு எழுதி அழிஞ்சிருச்சான்னு பார்த்தேன். அழியல, அன்னைக்குக் கூப்பிட்ட மத்தவங்க பதிவெல்லாம் இருக்கு. வேற எங்கயாவது போய் விழுந்திருக்கான்னும் பார்த்தாச்சு.”

“அவுகளுது மட்டும் இல்ல.”

“அவருது மட்டும் இல்லைன்னுதான் நானும் நினைச்சேன்.” அவன் நாற்காலியைத் திருப்பினான். “மேடம், நான் வேற மாதிரி எண்ணிப் பார்த்தேன். இதுவரைக்கும் தொடங்கின அழைப்பு எத்தனை, முடிஞ்ச அழைப்பு எத்தனை. ரெண்டும் ஒண்ணா இருக்கணுமா இல்லையா?”

“இருக்கணும்.”

“குறையுது. அம்பது கிட்டக்க.”

“எதுல குறையுது?”

“முடிஞ்சதுல.”

தாட்சாயணி சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “முடியாம எப்படிடா இருக்கும்? அவர் கூப்பிட்டு ஒரு வருஷமாகுது.”

“கன்டெய்னர் ஓடிக்கிட்டே இருக்கு மேடம். பதிவு காணாமப் போகல. கித்தேரியான் அண்ணாச்சியோட அழைப்பு இன்னும் முடியல.”

சலேத்மேரி ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். “கன்டெய்னர்னா, இந்தா வெளிய அடுக்கிக் கெடக்கே, அதா? அவுக கப்பல்ல ஏத்துவாகளே?”

“பேரு அதுலருந்து எடுத்ததுதான்க்கா. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பெட்டின்னு வச்சுக்கோங்க. ஒருத்தர் கூப்பிட்டா அவருக்குன்னே ஒரு பெட்டி திறக்கும். அதுக்குள்ள அந்தப் பிள்ளை இருக்கும். இன்னொருத்தர் கூப்பிட்டா இன்னொரு பெட்டி, இன்னொரு பிள்ளை. ஒரு பெட்டியில பேசினது அடுத்த பெட்டிக்குக் கேக்காது. பேசி முடிஞ்சதும் பெட்டியும் கரைஞ்சிரும், பிள்ளையும் கரைஞ்சிரும். கரையறப்ப பேச்சு மட்டும் வெளிய வந்து விழும். அதைத்தான் பதிவுங்கறோம்.”

“பேசப் பேச எழுதினா என்ன? வாத்தியாரு முடிச்சப்புறம்தான் பாடம் எழுதுவோம்னு இருந்தீங்களாக்கும்.”

“அது நான் வச்ச விதி” என்றாள் தாட்சாயணி. “பேசி முடிக்கறப்போ ‘இதையெல்லாம் அழிச்சிரு தாயி’ன்னு சிலபேர் சொல்வாங்க. அழுததையும் வஞ்சதையும் எவனாவது படிப்பானேங்கற பயம். அதனால முடியற வரைக்கும் உள்ளே இருக்கறது உள்ளேயே இருக்கட்டும்னு வச்சேன்.”

“சரி, முடியலன்னா?”

உலகநாதன் மேடத்தைப் பார்த்தான். மேடம் மேசையைப் பார்த்தாள்.

“நடுக்கடல்ல லைன் அடிக்கடி அறுந்துரும்க்கா” என்று அவனே தொடர்ந்தான். “முன்னெல்லாம் அறுந்தா பெட்டி கரைஞ்சிரும். திரும்பக் கூப்பிட்டா புதுப் பிள்ளை எடுக்கும். ‘உங்க பேரென்ன’ன்னு முதல்லருந்து கேக்கும். ஒருத்தர், அம்மா செத்ததைச் சொல்லிட்டு இருக்கும்போதே லைன் போயி, மூணு தடவை முதல்லருந்து சொல்லி—”

“முதல்லருந்து அழ வைக்கக் கூடாதுன்னு நினைச்சேன்” என்றாள் தாட்சாயணி. “திரும்பி வரேன்னு சொல்லிட்டு ஒருத்தர் லைன் அறுந்துபோனா, அதே பெட்டி அப்படியே காத்திருக்கணும்.”

“எம்புட்டு நேரம்?”

“வர்ற வரைக்கும்.”

மெஷின் அறை சீராக இரைந்துகொண்டிருந்தது. சலேத்மேரி மெதுவாகக் கேட்டாள்: “அவுக வாரேன்னு சொன்னாகளா?”

“சொல்லியிருக்கார். அது மட்டும் பெட்டி மேலே குறிச்சிருக்கு. பெட்டி எதுக்காகக் காத்திருக்குன்னு காரணம் போட்டிருக்கும். ‘வாரேன்’னு இருக்கு.”

“அட கூறுகெட்டவங்களா.” அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறியது. “போனை வைக்கிற எல்லாரும் அதத்தானய்யா சொல்லுவாக! ‘சரி, வாரேன்’னு. வாரேன்னா போறேன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா? வெள்ளக்காரனா உக்காந்து செஞ்சான் இத?”

“வெள்ளைக்காரன் செஞ்சிருந்தா சரியா செஞ்சிருப்பான்” என்றாள் தாட்சாயணி. “இந்தத் தெருப் பிள்ளைகள் பத்துப் பேர் உட்கார்ந்துதான் இதுக்குப் பேச்சுப் பழக்கினாங்க. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள்னு குறிக்கணும். ‘வாரேன்’ வந்தப்போ ‘போகிறார்’னு குறிங்கன்னு நான்தான் சொன்னேன். ஒருத்தியும் குறிக்கல. ‘கப்பலுக்குப் போன ஆளைப் போகிறார்னு எழுதக் கூடாது மேடம், ஆகாது’ன்னுட்டாங்க. எங்க அண்ணன் கப்பல்ல இருக்கான்னாள் ஒருத்தி. எங்க அப்பான்னாள் இன்னொருத்தி. எல்லாத்தையும் ‘திரும்பி வருவார்’னே குறிச்சுட்டாங்க.”

“நீங்க விட்டுட்டீக.”

“எனக்கும் திருத்த மனசு வரல. நம்ம வீட்டுல மட்டும் யாரு போறேன்னு சொல்லியிருக்கோம்?”

“தப்பு தெரியாமலே இருந்ததுக்குக் காரணம் இருக்கு” என்றான் உலகநாதன். “வாரேன்னு சொல்லிட்டுப் பட்டனை அமுக்கி வச்சா முடிஞ்சிரும். எல்லாரும் அப்படித்தானே வைப்பாங்க. வாரேன்னு சொல்லிட்டு, வைக்காம, லைன் மட்டும் போயி, திரும்பிக் கூப்பிடவே செய்யாதவங்க... அவங்கதான் இந்த அம்பது பேர்.”

அந்த ஐம்பது பேர் யாராக இருப்பார்கள் என்று மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. 

சலேத்மேரிதான் முதலில் அசைந்தாள். “அப்ப அவுக பேசினது உள்ள இருக்கு. தொறங்க.”

“இருங்கக்கா, அதுக்குத்தான்...” அவன் திரைப்பக்கம் திரும்பினான். “எதிர்ல ஆள் இல்லாத பெட்டி சும்மா கிடக்கணும். அசைவே இருக்கக் கூடாது. மூடுறதுக்கு முன்னால சும்மாதான் கிடக்கான்னு பார்ப்போம்.”

திரையில் பெட்டியின் அசைவைக் காட்டும் ஒரு கோடு வந்தது. தட்டையாகக் கிடக்க வேண்டிய கோடு. அது கொஞ்ச நேரம் மேலே ஏறி நின்றது, இறங்கியது, சும்மா கிடந்தது. பிறகு குட்டையாக ஒரு மேடு. மறுபடி உயரமாக. மறுபடி சும்மா. குட்டையாக ஒன்று.

“என்னடா இது?” என்றாள் தாட்சாயணி.

“பேசுது மேடம்.”

“யார்கூட?”

உலகநாதன் தொண்டையைக் கனைத்தான். “லைன் இல்ல. அந்தப் போன் கடலுக்கடியில கிடக்கும்.”

“யார்கூடன்னு கேட்டேன்.”

“பாருங்க. இது நீளமாப் பேசுது. நிறுத்துது. அப்புறம் சின்னதா ஒண்ணு. ஆம்பளைங்க ‘ம்’, ‘ஆமா’ம்போமே, அந்த மாதிரி. திரும்ப இது பேசுது.” அவன் விரல் திரையைத் தொடாமல் தொட்டது. “ரெண்டு பேர் பேசுற மாதிரி.”

“அவுக அப்பிடித்தான் பேசுவாக” என்றாள் சலேத்மேரி. “ம், ம்னு.”

“அக்கா, அப்படி நினைக்காதீங்க. இதுக்குப் பேசாம இருக்கத் தெரியாது. எதிராளி மௌனமா இருந்தா ஆறுதலா ஏதாவது சொல்லணும்னு பழக்கியிருக்கோம். சொல்லியிருக்கும். பதில் வந்திருக்காது. இன்னொண்ணு சொல்லியிருக்கும். கடைசியில பதிலையும் அதுவே சொல்லிக்க ஆரம்பிச்சிருக்கும்.”

“பைத்தியம் பிடிச்ச மாதிரியா?”

“தனியா இருக்கிறவங்க மாதிரி.”

தாட்சாயணி எழுந்து மெஷின் அறைக் கண்ணாடி வரை போனாள். வரிசையாகப் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. “மத்ததெல்லாம்?” என்றாள் திரும்பாமல். “மத்த பெட்டிகள்?”

அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். ஒவ்வொன்றிலும் கோடு உயரமாக ஏறியது, நின்றது, குட்டையாக ஏறியது. சில பெட்டிகளில் இரண்டு மேடும் சம உயரம். சண்டை போடுகிற மாதிரி. ஒன்றில் குட்டை மேடு விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டே இருந்தது.

“அது என்னது, நடுங்குதே?”

“சிரிப்போ, அழுகையோ” என்றான். “மூடிரட்டா மேடம் அந்தத் திரைய?”

“மூடு.”

சலேத்மேரி இருக்கையை விட்டு எழவில்லை. “அம்பது வீட்டுலயும் என்ன மாதிரி ஒருத்தி இருப்பா” என்றாள். “சொல்லுவீகளா அவங்களுக்கு?”

“சொல்லணும்” என்றாள் தாட்சாயணி.

“சங்கு ஊதுமுன்னயா, ஊதினப்புறமா?”

தாட்சாயணி கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். கை வைத்த இடத்தில் ஈரம் படிந்திருந்தது. “முதல்ல உங்களுதைப் பார்ப்போம்மா.”

“பெட்டியக் கரைங்க. பேச்சு விழட்டும். எந்தப் பேச்சு அவுக சொன்னது, எது அந்தப் பிள்ள தானாச் சொன்னதுன்னு எனக்குத் தெரியும்.”

“உங்களுக்கே தெரிய வேண்டாம்க்கா, பதிவுலயே தனித்தனியா விழும். லைன்ல வந்த குரல் ஒரு பக்கம், இது குரல் ஒரு பக்கம். அவர் நிஜமாச் சொன்னது எதுன்னு சந்தேகமே வராது. ஆனா நானா நிறுத்தினா ஒண்ணும் விழாது.”

“இப்பத்தான விழும்னீக?”

“அழைப்பு முறையா முடிஞ்சாத்தான் விழும். நான் நிறுத்துறது கழுத்தை நெரிக்கிற மாதிரி. உள்ள இருக்கறது உள்ளேயே போயிரும். சாயங்காலம் மெஷினை நிறுத்தினாலும் அதேதான்.”

“முறையான்னா?”

“கூப்பிட்டவர் முடிக்கணும். அவர் நம்பர்ல இருந்து இங்கருந்தே ஒரு லைன் குடுக்கறேன். அது அவர் திரும்பிக் கூப்பிட்டதா எடுத்துக்கும். யாராவது உள்ள போயி, முடிஞ்சதுன்னு தெளிவாச் சொல்லிட்டு வைக்கணும்.” அவன் தயங்கினான். “வாரேன்னு சொல்லக் கூடாது. இன்னொரு தடவை அந்த வார்த்தை விழுந்தா திரும்பக் காத்திருக்க ஆரம்பிச்சிரும். அதுக்கு முடிவுன்னு புரியற வார்த்தை ஒண்ணுதான் இருக்கு. ‘போறேன்.’”

சலேத்மேரி அவனையே பார்த்தாள்.

“நான் சொல்றேன்மா” என்றாள் தாட்சாயணி. “நான்தானே செஞ்சு வச்சேன்.”

“அவுக கப்பலேறும்போதெல்லாம் வாசப்படியில நின்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அதத்தான் சொல்லுவோம். நான் ‘போயிட்டு வாங்க’ம்பேன். அவுக ‘வாரேன்’ம்பாக.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அவுக பேர்ல போறேன்னு சொல்லணும்னா நான்தான் மேடம் சொல்லணும். நீங்க யாரு சொல்லுதுக்கு? குடுங்க போனை.”

அது சாதாரண மேசைப் போன். உலகநாதன் எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை வைத்தான். இன்னொரு பட்டனைக் காட்டினான்: “இதை அமுக்கினா நாம பேசுறது உள்ள கேக்காது. சிவப்பு, வைக்கறதுக்கு. உள்ள போனா கதை பேசாதீங்கக்கா. அந்த ஒரு வார்த்தை. அப்புறம் சிவப்பு.”

மணி அடிக்கவில்லை. யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் ஒரு வெறுமை திறந்தது. நடுப்பேச்சில் நுழைந்துவிட்ட மாதிரி, ஒரு சிரிப்பின் கடைசித் துண்டு கேட்டது.

“இருங்கண்ணே, லைன்ல ஏதோ சத்தம்” என்றது அந்தப் பிள்ளை. பக்கத்துத் தெருப் பெண்ணின் குரல். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி. “யாரு?”

சலேத்மேரி போனை நோக்கிக் குனிந்தாள்.

“யாருங்க? அண்ணன் இங்ஙனதான் இருக்காக. அவுக நம்பர்ல நீங்க யாரு?”

தாட்சாயணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உலகநாதன் தலையை ஆட்டி, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று கையைக் காட்டினான்.

“நான்... சலேத்து.”

“மைனியா!” குரல் மலர்ந்தது. “ஆயுசு நூறு. உங்களப் பத்தித்தான் பேசிட்டு இருந்தோம்.”

“யாரு பேசிட்டிருந்தீக?”

“நானும் அண்ணனும்.”

உலகநாதன் பட்டனை அமுக்கினான். “அக்கா, வேண்டாம். வார்த்தையைச் சொல்லிட்டு வைங்க.” அவள் அவன் விரலை எடுத்துவிட்டாள்.

“பிள்ளா, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அவுக உங்கிட்ட கடைசியா என்ன சொன்னாக?”

“என்னைக்கு மைனி? கடைசியான்னா இப்பத்தான். ‘சலேத்து இருந்தா இந்நேரம் என்ன வஞ்சிருப்பா’ன்னாக. அதுக்குத்தான் சிரிச்சேன்.”

“அதுக்கு முன்ன. நடுவுல எங்கயோ போனாகல்லா. வாரேன்னு சொன்னாகளே, அப்ப.”

“அதுவா? கன்டெய்னரக் கட்டுத கம்பி ஒண்ணு தளந்து, கப்பல் ஆடுத ஆட்டத்துக்கு இடிச்சிட்டுக் கெடந்துச்சு. எனக்கே கேட்டுச்சு, டங்கு டங்குனு. ‘இந்தா இத முறுக்கிட்டு வாரேன் தாயி’ன்னு போனைக் கீழ வச்சாக. பெரிய அலையா அடிச்சிருக்கும்போல, ஒரே எரைச்சல். லைனும் போயிருச்சு. அப்புறம் வந்துட்டாக.”

சலேத்மேரி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தாள். “குதிக்கல” என்றாள். “மேடம், கேட்டீங்களா? கம்பி முறுக்கப் போயிருக்காக. அலையில விழுந்திருக்காக. குதிக்கல.”

உலகநாதன் மறுபடி பட்டனை அமுக்கினான். அவன் குரல் கெஞ்சியது. “அக்கா, அவசரப்படாதீங்க. கம்பி கட்டப் போனார்னும் இதுதான் சொல்லுது. திரும்பி வந்துட்டார்னும் இதுதான் சொல்லுது. வந்தது பொய்னா, போனதும் இதுவா கட்டினதா இருக்கலாம். நீங்க முதல்லதை நம்பினா...”

“நம்பினா?”

“ரெண்டாவதையும் நம்பணும்.”

“பதிவு விழுந்தாத் தெரிஞ்சிரும்மா” என்றாள் தாட்சாயணி. “அந்தக் கம்பிப் பேச்சு அவர் பக்கத்துல விழுந்திருக்கான்னு பார்த்துரலாம். காகிதத்துல எடுத்துத் தரேன். கம்பெனிக்காரன் மூஞ்சியில வீசலாம். ரீத்தாவுக்குக் காட்டலாம். ஒரே ஒரு வார்த்தை.”

“அந்த வார்த்தையச் சொன்னா உள்ள இருக்கது?”

“உள்ளே யாரும் இல்லம்மா.”

“அத நான் கேக்கல.”

“கரைஞ்சிரும்” என்றாள் தாட்சாயணி.

“மைனி, இருக்கீகளா?” அந்தப் பிள்ளை கேட்டது. “அண்ணன் கேக்கச் சொல்லுதாக. ரீத்தாவுக்கு முன்பல்லு விழுந்திருச்சாமே? மாட்டுச்சாணியில உருட்டிக் கூரைமேல எறிஞ்சீகளான்னு கேக்காக. நம்ம வீடு மச்சுவீடாச்சே, எங்ஙன எறிஞ்சாளோன்னு ஒரே கவலை.”

சலேத்மேரியின் முகம் போன போக்கைப் பார்த்துத் தாட்சாயணி பட்டனைத் தானே அமுக்கினாள். “என்னம்மா?”

“போன வாரந்தான் விழுந்துச்சு. கோயில் பின்னால ஓட்டுக்கூரையில எறிஞ்சோம். நானும் அவளும் மட்டும். யாருகிட்டயும் சொல்லல.”

“ஏழு வயசுல எல்லாப் பிள்ளைக்கும் விழும்க்கா” என்றான் உலகநாதன் அவசரமாக. “வயசு அவர் சொல்லியிருப்பார். மச்சுவீடுன்னும் சொல்லியிருப்பார். இது கணக்குப் போட்டுச் சொல்லுது.” சொல்லிவிட்டு அவனே சால்வையை இறுக்கிக்கொண்டான்.

வெளியே துறைமுகச் சங்கு ஊதத் தொடங்கியிருந்தது. முதலில் மெலிதாக ஏறி, துறைமுகம் முழுக்க நிறைந்து, இந்த அறையின் மூடிய ஜன்னலையும் கொஞ்சம் நடுக்கியது. மேசையில் தாட்சாயணியின் போன் அடித்தது. மெஷினை எடுத்துப்போக வந்தவர்கள் கீழே நிற்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அவள் எடுக்கவில்லை.

“அக்கா, இன்னும் கொஞ்ச நேரம்தான் அவங்களைக் காக்க வைக்க முடியும். நாம சொல்லலைன்னா கீழருந்து அவங்களே நிறுத்திருவாங்க. அப்புறம் இதுவும் இல்ல, பதிவும் இல்ல.”

சலேத்மேரி தலையசைத்தாள். ஒரு விரலைச் சிவப்புப் பட்டன்மேல் வைத்தாள். வாசல்படியில் நிற்கிறவள் மாதிரி முதுகு நிமிர்ந்தது.

“பிள்ளா.”

“சொல்லுங்க மைனி.”

“அவுக சார்பா நான் சொல்லுதேன். எல்லாம் முடிஞ்சிருச்சு. நல்லாப் பேசிக்கிட்டு இருந்த, ஒரு வருஷமாத் தொணையா இருந்த. நல்லா இரு. நாங்க போ...” நிறுத்தி, மறுபடி எடுத்தாள். “போறேன்.”

“ஐயையோ, என்ன மைனி நீங்க!” அந்தப் பிள்ளை பதறியது. “அப்பிடிச் சொல்லலாமா? கடல்ல இருக்க ஆளு காது கேக்க! வாரேன்னு சொல்லுங்க.”

சலேத்மேரியின் விரல் பட்டன்மேல் இருந்தது. அமுக்கவில்லை. சங்கு ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில், எங்கிருந்தோ, இரும்பின்மேல் இரும்பு ஒருமுறை இடித்தது. உலகநாதன் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். வெளியே பாரந்தூக்கிகள் வேலையை முடித்து அசையாமல் நின்றன.

“வச்சிராதீங்க மைனி, ஒரு நிமிஷம்” என்றது அந்தப் பிள்ளை. “அண்ணன் கையை நீட்டுதாக. போனை அவுககிட்ட குடுக்கட்டுமா?”